பின் அறையில் யாரும் இல்லை

மார்ச் 4

என் அன்பு குண்டுவுக்கு,

அத்தை எழுதறேன். சாமி புண்ணியத்துல நல்லா இருக்கேன். முட்டிவலி மட்டும் வந்த விருந்தாளி மாதிரி உட்கார்ந்துட்டு கிளம்ப மாட்டேங்குது. உன் சுரங்கக் கேம்ப்ல டவர் இல்லை, பஸ்ஸுலதான் தபால் வரும்னு சொன்னியே, அதனால விலாவாரியா எழுதறேன். கையில வெல்டிங் கம்பியை வச்சுக்கிட்டு படிக்காதே.

பிளாட்டைப் பார்த்துட்டேன். நேத்து வியாழக்கிழமை, லாண்டரியில அரை நாள் லீவு சொல்லிட்டுப் போனேன். மூணாவது மாடி. லிஃப்ட்ல "பழுது"ன்னு ஒரு அட்டை தொங்குது, அந்த அட்டையே மஞ்சளாயிடுச்சு. வீடு நல்ல வெளிச்சம். முன் அறை பெரிசு, சமையலறை சின்னது, பின்னாடி ஒரு அறை. அது பூட்டியிருந்துச்சு. "சாமான் அடைச்சு வச்சிருக்கேன், காலி பண்ணித் தந்துடறேன்"னார் விக்கறவர்.

உன் கேள்வியெல்லாம் கேட்டேன். லீஸ் இன்னும் அறுபத்தெட்டு வருஷம் பாக்கியாம். எனக்கு ஒண்ணு புரியலைடா. காசு குடுத்து வாங்கறது நாம, மண்ணு வேற ஒருத்தரோடதாம். அவருக்கு வருஷா வருஷம் தரை வாடகை குடுக்கணும், காலம் முடிஞ்சா வீட்டையே திருப்பிக் குடுக்கணும். சாமி நமக்கு உடம்பைக் குடுத்திருக்கற கணக்காத்தான் இருக்கு. கூரை ஒழுகினா எல்லா வீட்டுக்காரங்களும் பங்கு போடணுமாம். சுவத்தை இடிக்கணும்னா மண்ணுக்காரர்கிட்ட எழுத்துல சம்மதம் வாங்கணுமாம்.

விக்கறவர் மூக்குக்கண்ணாடிக் கடை வச்சிருக்கார். அப்படி ஒரு மரியாதை. நாற்காலியைத் துடைச்சுப் போட்டார். என் கண்ணைப் பார்த்துட்டு, "கிட்டத்துல இருக்கற எழுத்து உங்களுக்கு மங்கலாத் தெரியுமேம்மா"ன்னார். நான் ஒரு வார்த்தை சொல்லலை, அவராவே கண்டுபிடிச்சுட்டார். ஒரு கண்ணாடி செஞ்சு அனுப்பறேன், காசு வேண்டாம்னார். இப்படியும் மனுஷங்க இருக்காங்க.

குளிக்கிற இடத்துல ஒரு ரப்பர் விரிப்பு காய்ஞ்சுக்கிட்டிருந்துச்சு, ஆஸ்பத்திரிக் கட்டில்ல போடறது. பதினாறு வருஷமா ஆஸ்பத்திரித் துணி மடிக்கிறவளுக்கு அது தெரியாதா? தரையில ஈரம் ஏறுதோ என்னவோ, உன் வக்கீலம்மாகிட்ட கேட்டுக்கோ.

கிளம்பும்போது ஒரு காகிதம் நீட்டினார். அவங்க அம்மா முன்னாடி இங்க இருந்தாங்களாம், இப்ப தங்கச்சி வீட்டுல இருக்காங்களாம். வீட்டுல தனக்கு உரிமை ஒண்ணும் இல்லைன்னு கையெழுத்து போட்டுக் குடுத்திருக்காங்க. அதுக்குக் கீழ ஒரு சாட்சி வேணுமாம். "உங்களை மாதிரி பெரியவங்க போட்டா நல்லது"ன்னார். எனக்குப் பெருமை தாங்கலை. எங்க பள்ளிக்கூடத்து வாத்தியார் சொல்லிக் குடுத்தபடி பேரு, அதுக்குக் கீழ ஒரு கோடு, கோட்டுக்குக் கீழ ரெண்டு புள்ளி, அப்படித்தான் நான் எப்பவும் போடுவேன். அந்தக் கட்டம் ரொம்பச் சின்னது. கோட்டுக்கு இடமில்லை. பேரை மட்டும் போட்டுட்டு வந்தேன். வழியெல்லாம் ஒரு மாதிரி இருந்துச்சு, சாப்பிட்டுக் கை கழுவாத மாதிரி.

நான் இருக்கற அறையை ஏப்ரல் கடைசியில காலி பண்ணச் சொல்லிட்டாங்க, கட்டிடத்தை இடிக்கப் போறாங்க. சீக்கிரம் முடிடா ராசா.

அத்தை

*

மார்ச் 11

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். உடம்பும் சாமியும் என்று நீங்கள் எழுதியதைக் கேட்டு ஃபோர்மேன்கூடச் சிரித்தார்.

லீஸ் குறைந்தால் வங்கி கடன் தராது. அறுபத்தெட்டு இருந்தால் தரும், ஆனால் இன்னும் சில வருடம் போனால் நீட்டிக்க நிறையச் செலவாகும் என்கிறார் வக்கீல். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வக்கீல் இன்னொன்றையும் திரும்பத் திரும்பக் கேட்கிறார். அந்த வீட்டில் வேறு யாராவது குடியிருக்கிறார்களா என்று. பத்திரத்தில் பெயர் இல்லாவிட்டாலும், வீட்டுக்குப் பணம் போட்டு அங்கேயே வாழ்கிறவர் இருந்தால், வீட்டை விற்றாலும் அவர் உரிமை போகாதாம். வாங்கியவன் அவரோடு மல்லுக்கட்ட வேண்டும். அதனால்தான் அந்தக் காகிதம். விற்பவர் தன் பதிலில் "பின் அறையில் யாரும் இல்லை" என்றே எழுதிக் கொடுத்துவிட்டார்.

சாட்சி நீங்கள் என்று பார்த்ததும் வக்கீல் கொஞ்சம் முகம் சுளித்தார் போல. வாங்குகிறவனின் சொந்தக்காரர் வேண்டாமே என்று எழுதியிருந்தார். அந்த அம்மா கையெழுத்துப் போட்டதை உங்கள் அத்தை நேரில் பார்த்தாரா என்றும் கேட்டிருந்தார். பார்த்தார் என்று எழுதிவிட்டேன். பார்க்காமலா போட்டிருப்பீர்கள்.

பின் அறை உங்களுக்குத்தான். உங்கள் பங்கு நிலத்தை விற்ற பணம் இல்லாவிட்டால் முன்பணத்துக்கு நான் எங்கே போவேன்? எழுதி ஏதாவது தரட்டுமா என்று கேட்டபோது "அண்ணன் பிள்ளைகிட்ட காகிதமாடா வாங்குவேன்" என்று அடிக்க வந்தீர்கள். நினைவிருக்கிறது. கடைசிவரை அந்த அறை உங்களுடையது.

முடிந்தால் ஜன்னல் அளவு எடுத்து அனுப்புங்கள். திரைத்துணி நான் வாங்கி வருகிறேன்.

உங்கள்
குண்டு

*

மார்ச் 19

குண்டு,

நிதானமா படி. நான் நிதானமா எழுதலை.

அளவு நாடாவை எடுத்துக்கிட்டு செவ்வாய்க்கிழமை போனேன். சொல்லிட்டுப் போகலை, அந்தப் பக்கம் வேலை இருந்துச்சு. பெல் அடிச்சேன். பதில் இல்லை. திரும்பலாம்னு இருந்தேன், உள்ள ஏதோ தரையில உரசி உரசி வர்ற சத்தம். நிக்குது, வருது, நிக்குது, வருது. கதவு திறக்க அஞ்சு நிமிஷம் ஆயிருக்கும்.

ஒரு அம்மா. எழுபத்தஞ்சு வயசிருக்கும். இடது கையில நாலு கால் ஊன்றுகோல். வலது கை பிழிஞ்சு போட்ட துணி மாதிரி தொங்குது.

"மருந்து கொண்டு வந்தியாம்மா?"

"இல்லைங்க. நான் கீழ்வீட்டுக்கு வந்தேன், மாடி தப்பிடுச்சு."

பொய்தான்டா. சாமி மன்னிக்கட்டும். வாயில அதுதான் வந்துச்சு.

"பரவாயில்லை, வந்தது வந்தே, ரெண்டு நிமிஷம் உட்காரு. யார் வந்தாலும் திறக்காதேன்னு பையன் சொல்லியிருக்கான். மனுஷ முகம் பார்த்து நாளாச்சேன்னு திறந்துட்டேன். உன்னைப் பார்த்தா திருடி மாதிரி தெரியலை. திருடினாலும் என்கிட்ட இருக்கறது இந்தக் கோல்தான்."

சிரிச்சாங்க. பாதி முகம்தான் சிரிச்சுது. பின் அறைக் கதவு திறந்திருந்துச்சு. கட்டில், மருந்துப் பெட்டி, இடது கைக்கு எட்டற மாதிரி சுவத்துல ஒரு மணி சுவிட்ச். சாமான்னு சொன்னாரே, அந்தச் சாமான் இவங்கதான்.

"பொண்ணு வீட்டுலேர்ந்து எப்ப வந்தீங்க?"ன்னு கேட்டேன்.

"எந்தப் பொண்ணு? எனக்கு ஒரே பிள்ளைதான். நான் எங்கயும் போகலைம்மா. என் வீட்டை வித்து இதுக்குப் போட்டேன். என் காலம் முடியற வரைக்கும் இந்த அறைதான்னு சொல்லியிருக்கான். ரெண்டு வருஷம் முன்னாடி கை விழுந்துடுச்சு. ஸ்பூன் பிடிக்க முடியலை, பேரு எழுத முடியலை. ஆஸ்பத்திரியில மையை விரல்ல தடவிக் கைநாட்டு வாங்கினாங்க."

அந்தக் காகிதத்துல இருந்த கையெழுத்து எனக்கு ஞாபகம் இருக்குடா. என் கண்ணுக்கு மங்கலாத்தான் தெரிஞ்சுது. ஆனா ஒரு நடுக்கம் இல்லாம அளவுகோல் வச்ச மாதிரி நேரா இருந்துச்சு. அது இந்தக் கை போட்டதில்லை. எந்தக் கையும் போடறதை நான் பார்க்கவும் இல்லை. அங்க ஏற்கெனவே இருந்துச்சு, நான் கீழ போட்டேன். பார்த்தேன்னு நீ எழுதிட்டே. பார்க்கலைன்னு வக்கீலம்மாகிட்ட உடனே சொல்லிடு.

"மறுபடி வா, மாடி தப்பினாலும் வா"ன்னாங்க. நான் அவங்க பேரைக்கூட கேக்கலை.

ஜன்னல் அளவு எடுக்கலை.

அத்தை

*

மார்ச் 26

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் இருபத்து மூன்றாம் தேதி பஸ்ஸில் வந்தது. இருபதாம் தேதியே இரண்டு பக்கமும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் கைமாறிவிட்டது, முன்பணமும் கட்டியாயிற்று.

அதன் பொருள் உங்களுக்குப் புரிய வேண்டும். அதற்கு முன்னால் வரை யார் வேண்டுமானாலும் பின்வாங்கலாம். கைமாறிய பிறகு பின்வாங்கினால் முன்பணம் போய்விடும். அதில் என் ஆறு வருடச் சுரங்கம் இருக்கிறது. உங்கள் நிலம் இருக்கிறது.

வக்கீலிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் வங்கிக்குத் தெரியும். வங்கிக்குத் தெரிந்தால் கடன் கிடையாது. கடன் இல்லாவிட்டால் பணம் கட்ட முடியாது, முன்பணமும் போகும். ஒன்றைத் தொட்டால் எல்லாம் சரியும். கீழே சுரங்கத்தில் கூரைக்கு முட்டுக் கொடுத்த ஒரு கட்டையை எடுத்தால் என்ன ஆகும் என்று தினமும் பார்க்கிறேன்.

அந்த அம்மாவுக்கு வயதாகிவிட்டது. அவர் சொல்வதெல்லாம் நினைவோடு சொல்வதா என்று யாருக்குத் தெரியும். அவர் மகன் பார்த்துக்கொள்வார். நம் வேலை அது இல்லை.

கோபப்படாமல் இதையும் யோசியுங்கள். பார்க்காமல் பார்த்தேன் என்று கையெழுத்துப் போடுவது குற்றம். போட்டது நான் இல்லை. உங்களைப் போலீஸ் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நீங்கள் அங்கே போகவில்லை. யாரையும் பார்க்கவில்லை. அந்தக் கடிதத்தை நான் கிழித்துவிட்டேன். என் கடிதங்களையும் நீங்கள் கிழித்துவிடுங்கள்.

ஏப்ரல் முப்பதுக்குப் பிறகு நீங்கள் எங்கே படுப்பீர்கள் அத்தை? அதை மட்டும் யோசியுங்கள்.

இப்படிக்கு
உங்கள் அண்ணன் மகன்

*

ஏப்ரல் 2

தம்பிக்கு,

குண்டுன்னு எழுத வரலை. நீதான் குண்டுன்னு கையெழுத்து போடலியே.

யாரையும் பார்க்கலைன்னு சொல்லுன்னு எழுதியிருக்கே. அந்தக் காகிதத்துல கையெழுத்து போட்ட அன்னைக்கு நான் யாரையும் பார்க்கலைதான். தப்பே அதுதான்டா.

கண்ணாடிக்காரர் சொன்ன மாதிரியே கண்ணாடி அனுப்பிட்டார். உறையோட, துடைக்கிற துணியோட. போட்டதும் என் பிரார்த்தனைப் புத்தகத்துல இருக்கற பொடி எழுத்தெல்லாம் பளிச்சுன்னு தெரிஞ்சுது. முப்பது வருஷமா தப்பு தப்பா சொல்லிக்கிட்டிருந்த ஒரு வரியை அன்னைக்குத்தான் சரியா படிச்சேன்.

நான் அங்க போகலைன்னு நீ எழுதினே. மறுபடியும் போனேன். கீழ்வீட்டுத் தையல்காரம்மா மெஷினை மிதிச்சுக்கிட்டே சொன்னா, "வெள்ளிக்கிழமை ஒரு வேன் வந்துச்சுக்கா. நாற்காலியில வச்சு ரெண்டு பேரு தூக்கிட்டுப் போனாங்க. மூணு மாடியும் அந்தம்மா சத்தமே போடலை. அதான் எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. அவங்க சாதாரணமா மருந்துக்காரன்கிட்டயே அரை மணி நேரம் பேசுவாங்க."

"எந்த ஆஸ்பத்திரி வேன்?"

"ஆஸ்பத்திரின்னு எழுதியிருந்தா சொல்லியிருக்க மாட்டேனாக்கா? ஒண்ணும் எழுதலை."

மேல போனேன். அவரே கதவைத் திறந்தார். ஒரே பெயிண்ட் வாசனை. பின் அறை வெள்ளை வெளேர்னு இருக்கு. கட்டில் இல்லை. தரையில கட்டில் கால் நாலு பள்ளம் மட்டும் இருக்கு. அந்த மணி சுவிட்ச் மேலயும் சேர்த்து பெயிண்ட் அடிச்சுட்டாங்க. எதுக்கோ அதை அமுக்கினேன். விரல்ல பெயிண்ட் ஒட்டிச்சு. முன் அறையில மணி அடிச்சுது. அங்க உட்கார்ந்திருந்தவர் திரும்பிக்கூட பார்க்கலை.

"அம்மா எங்கங்க?"

"தங்கச்சி வீட்டுல. அன்னைக்கே சொன்னேனே."

"உங்களுக்குத் தங்கச்சி இல்லைன்னு..."

தன் கண்ணாடியைக் கழட்டி வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தார். "யாரு சொன்னாங்க?"

நான் விரல்ல ஒட்டின பெயிண்டைச் சேலையில துடைச்சேன். சொன்னா, நான் வந்துட்டுப் போனது தெரிஞ்சுடும்.

"நீங்க சாட்சிம்மா. எங்கம்மா கையெழுத்து போட்டதைக் கண்ணால பார்த்தேன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. இல்லைன்னா யாரைப் பிடிப்பாங்க? முதல்ல உங்களைத்தான் கூப்பிடுவாங்க. புதுக் கண்ணாடி சரியா இருக்கா? மூக்குல அழுத்தினா கொண்டு வாங்க, வளைச்சுத் தர்றேன்."

ஒரு கோபம் இல்லை அந்தக் குரல்ல. 

வீட்டுக்கு வந்தா வக்கீலம்மா ஆபீஸ்லேர்ந்து ஒரு உறை. வங்கி கேக்குதாம். அந்த வீட்டுல குடியிருக்கப் போற வயசு வந்தவங்க எல்லாரும் எழுதிக் குடுக்கணுமாம். புதுக் கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு எழுத்தா படிச்சேன். இந்த வீட்டுல எனக்கு எந்த உரிமையும் இல்லை, பணம் போட்டிருந்தாலும் கேக்க மாட்டேன், சொன்னா காலி பண்ணிடுவேன். அதே காகிதம்டா. அன்னைக்கு அவர் வாசிச்சுக் காட்டினதுல ஒரு வார்த்தை மாத்தம் இல்லை. அந்த அம்மா பேரு இருந்த இடத்துல என் பேரு. கீழ சாட்சிக்கு அதே சின்னக் கட்டம்.

இது வரும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?

கையெழுத்து போடலை. பிரார்த்தனைப் புத்தகத்துக்குள்ள வச்சிருக்கேன். உன் கடுதாசியும் அங்கதான் இருக்கு. எதையும் கிழிக்கலை. தினமும் மூணு ஆஸ்பத்திரித் துணி எங்க லாண்டரிக்கு வருது. ஒவ்வொரு விரிப்பையும் மடிக்கும்போது இது அவங்களதா, இது அவங்களதான்னு பார்க்கறேன்.

அந்த அம்மா எங்கன்னு அவர்கிட்ட நீ கேளு. நீ கேட்டா சொல்லுவார், நீதான் காசு குடுக்கறவன்.

அத்தை

*

ஏப்ரல் 8

அத்தைக்கு,

அந்தப் படிவம் வெறும் சடங்கு. எல்லா வீட்டிலும் வாங்குவார்கள். மகனோடு இருக்கிற தாயிடம், அண்ணனோடு இருக்கிற தங்கையிடம், எல்லோரிடமும். நான் உங்களை வெளியே போகச் சொல்வேனா?

நீங்கள் தாமதித்தால் பதினைந்தாம் தேதி வங்கிப் பணம் வராது. அதனால் டவுனுக்குப் போய் வக்கீலுக்குப் போன் செய்து, படிவம் தபாலில் தொலைந்துவிட்டது என்று சொல்லி, இன்னொரு பிரதியைக் கண்ணாடிக் கடை விலாசத்துக்கு அன்றைக்கே ஆள் மூலம் அனுப்பச் சொன்னேன். அது உங்கள் கையெழுத்தோடு வக்கீலிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. கண்ணாடிக்காரரே சாட்சிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். உங்களுக்கு இனி ஒரு வேலையும் இல்லை. உங்களிடம் இருப்பதை எரித்துவிடுங்கள்.

அவர் அம்மாவைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பதினாறாம் தேதி சாவி வாங்கிக்கொள்ளுங்கள். அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று என்றார். உங்களுக்கு வெள்ளைதான் பிடிக்கும் என்று நான்தான் சொன்னேன்.

அண்ணன் மகன்

*

ஏப்ரல் 13

நீ நல்லா இருக்கணும்னு இன்னைக்குக் காலையிலயும் சாமி கும்பிட்டேன். அந்தப் பழக்கம் போகாது.

வக்கீலம்மா ஆபீஸ் பெஞ்சுல உட்கார்ந்து எழுதறேன். காலையில எட்டரைக்கே வந்துட்டேன். வக்கீலம்மா சின்ன வயசுதான், உன் வயசு இருக்கும். என் கையெழுத்தோட வந்த காகிதத்தை எடுத்து மேஜையில வச்சாங்க. புத்தகத்துக்குள்ள இருந்த வெறும் காகிதத்தை எடுத்து நான் பக்கத்துல வச்சேன். அப்புறம் உன் கடுதாசி மூணையும் வச்சேன். ரொம்ப நேரம் படிச்சாங்க. 

"அம்மா, நான் உங்களுக்கு வக்கீல் இல்லை, உங்க அண்ணன் மகனுக்கு வக்கீல். இதைப் படிச்சதுக்கு அப்புறம் அவருக்கும் இருக்க முடியாது"ன்னாங்க. "உங்களுக்குன்னு வேற ஒருத்தர் வேணும். நீங்க போட்ட சாட்சிக் கையெழுத்துக்கு நீங்க பதில் சொல்லணும், அது தெரியும்ல?"

"தெரிஞ்சுதான் வந்தேன்"னேன்.

அவங்க அப்புறம் சொன்னதை உனக்கு எழுத மனசு வரலை. ஆனா எழுதத்தான் வேணும். மார்ச் மாசம் என் கடுதாசி வந்த அன்னைக்கே நீ அவங்ககிட்ட சொல்லியிருந்தா, பொய் சொல்லி வித்தது அந்த ஆளுன்னு காட்டி முன்பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கலாமாம். உன் ஆறு வருஷம், என் நிலம், எல்லாம். இப்ப ரெண்டாவது காகிதத்துல உன் கையும் பட்டுடுச்சாம்.

அந்த அம்மாவைத் தேடச் சொன்னேன்.  பேரை அந்த முதல் காகிதத்துலேர்ந்து எடுத்தாங்க, அந்த அம்மா வாயால நான் கேட்டதில்லை. மூணு ஆஸ்பத்திரிக்கும் போன் பண்ணிட்டாங்க. முதியோர் இல்லம் நாலுக்கும் பண்ணிட்டாங்க. எங்கயும் அந்தப் பேருல ஆள் இல்லை. கண்ணாடிக் கடை போன் அடிச்சுக்கிட்டே இருக்கு, எடுக்கலை. இப்ப போலீஸுக்குப் பேசிக்கிட்டு இருக்காங்க, கதவு வழியா கேக்குது.

போன் பண்றதுக்கு முன்னாடி, நான் சொன்னதையெல்லாம் டைப் அடிச்சு என் முன்னாடி வச்சாங்க. அந்த ஆளு குடுத்த கண்ணாடியைப் போட்டுத்தான் முழுக்கப் படிச்சேன், வேற இல்லை. கையெழுத்துக்கு எவ்வளவு இடம் வேணும்னு கேட்டேன். எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்குங்கன்னாங்க. பேரைப் போட்டேன். கோடு போட்டேன். ரெண்டு புள்ளி வச்சேன். நான் முடிக்கிற வரைக்கும் அந்த வக்கீல் பொண்ணு பேனாவைக் கீழ வச்சுட்டு என் கையையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. அதுக்கு அப்புறம்தான் அது சாட்சிக் கையெழுத்து போட்டுச்சு.

முப்பதாம் தேதிக்கு அப்புறம் எனக்கு விலாசம் இல்லை. பதில் எழுதறதுன்னா இந்த ஆபீஸுக்கு எழுது. உன் கடுதாசி எது வந்தாலும் முதல்ல அவங்கதான் படிப்பாங்க.

அத்தை